400 மீட்டர் என்றால் 400 மீட்டர்தான்

ஒரு விளையாட்டு விதிக்குப் பொருள்காண்பதில் ஆய்வாளருக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பிரதியின் சொல்லை நம் வசதிக்கேற்ப வளைக்கலாமா என்பதுதான் இங்கும் கேள்வி.

ஷேடோரன், 1989 முதல் வெளிவரும் மேசை ரோல்பிளேயிங் ஆட்டம். பெருநிறுவனங்கள் கோலோச்சும் ஓர் எதிர்காலத்தில், கூலிக்கு ஊடுருவல் செய்யும் குழுவினராக ஆடுவோர் பாத்திரமேற்கின்றனர். அக்குழுவில் டிரோன்களை இயக்குபவர் ரிக்கர். அவர் எவ்வளவு தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதே வழக்கு.

சென்ற மாதம் எங்கள் மேசையில், கட்டடத்துக்குள் நுழைந்த இருவரின் பாத்திரங்கள் மடிந்தன. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வண்டிக்குள் அமர்ந்திருந்த ரிக்கருக்குக் கீறல்கூட இல்லை. ‘என் கருவியின் சிக்னல் எண் 5; அதற்கு எல்லை 4 கிலோமீட்டர்’ என்றார் அவர். கேம் மாஸ்டரும் தலையசைத்தார்.

நாங்கள் ஆடுவது 2005இல் வந்த நான்காம் பதிப்பு. அதன்படி எண் 5க்கு 4 கிலோமீட்டர் என்பது மெய்யே. ஆனால் அவருடைய டிரோனின் எண் 3. அதற்கு எல்லை 400 மீட்டர். விதி பேசுவது இருதரப்பு எல்லையைப் பற்றி; இரண்டில் சிறிய எண்ணே நேரடித் தொடர்பின் எல்லையை முடிவுசெய்கிறது. காரணமும் வெளிப்படை. கட்டளை சென்றடைந்தால் மட்டும் போதாது. டிரோன் கண்டது திரும்பி வரவும் வேண்டும். அடிவாரத்திலிருந்து உரக்கக் கூவுபவரின் குரல் குன்றின் உச்சியில் கேட்கலாம். உச்சியிலிருப்பவரின் மெல்லிய மறுமொழி கீழே எட்டாவிட்டால் அது உரையாடல் ஆகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நகரெங்கும் கருவிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அவற்றின் வழியே சமிக்ஞை தாவிச் செல்லலாம் என்று அதே விதிநூல் சொல்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழி இருக்கும் இடத்தில்தான் அது செல்லும். கம்பியில்லா அலையைத் தடுக்கும் வண்ணம் பூசிய சுவர்களுக்குள்ளும், கருவிகளே அற்ற பாழ்நிலத்திலும் அது அறுந்துபோகும். அங்கே 400 மீட்டர் மீண்டும் உயிர்பெறும். எங்கள் குழு நுழைந்தது அத்தகைய சுவர்களுக்குள்தான்.

‘2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லையையே நீக்கிவிட்டதே’ என்பது அடுத்த வாதம். அதுவும் அரைகுறை வாசிப்பு. சுவராக நின்ற எல்லை அங்கே சரிவாக மாறியிருக்கிறது. 100 மீட்டர் வரை இரைச்சல் இல்லை; 1 கிலோமீட்டர் வரை 1; 10 கிலோமீட்டர் வரை 3; 100 கிலோமீட்டர் வரை 5; அதற்கும் அப்பால் 8. இரைச்சலின் ஒவ்வோர் அலகும் ஒரு பகடையைப் பறிக்கிறது. இரு பதிப்புகளும் சொல்வது ஒன்றே: தொலைவுக்கு விலை உண்டு.

அந்த விலை ஏன் வேண்டும்? ஆபத்தை மேசையிலிருக்கும் அனைவரும் பகிர்ந்துகொள்வதற்காக. எல்லையைத் தளர்த்தினால், ஒருவர் பாதுகாப்பாகச் சுட, மற்றவர் சாவர். இது விளையாட்டோடு முடியும் சிக்கலன்று. நெவாடாவின் கிரீச் விமானப்படைத் தளத்தில் அமர்ந்து ஆப்கானிஸ்தானின் வானில் டிரோன் செலுத்தியவர்களுக்குச் செயற்கைக்கோள் அந்தத் தொலைவின் விலையைத் தள்ளுபடி செய்தது. ஆபத்து ஒருதலையாகும்போது போர் வேட்டையாகிவிடுகிறது என்று கிரெகுவார் ஷமாயு 2013இல் வெளியிட்ட டிரோன் பற்றிய நூலில் வாதிட்டார். எல்லை விதியை வெறும் தொழில்நுட்ப விவரமாகப் படிப்பவர்கள் இந்த அறத்தைத் தவறவிடுகிறார்கள்.

‘கேம் மாஸ்டரின் சொல்லே முடிவு’ என்பார்கள். அவருக்கு விதியை மாற்றும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாற்றுவது வேறு, ‘விதியே அப்படித்தான் சொல்கிறது’ என்பது வேறு. மாற்றுவதாயின் ஆட்டம் தொடங்குமுன் அறிவிக்க வேண்டும். பகடை உருண்டபின் செய்யும் மாற்றத்துக்கு வியாக்கியானம் என்று பெயரிடுவது, செத்த இருவருக்கும் இழைக்கும் அநீதி; பிரதிக்கு இழைப்பதும் அதுவே.

மறுப்போர் மறுக்கலாம். விதிநூலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.