பொருளறியாச் சொல்லால் பயனில்லை

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணாக்கன் ஒருவனை அழைத்து, நிறை என்பது யாது, எடை என்பது யாது என வினவிப் பாருங்கள். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை என்றும், அப்பொருளை நிலவுலகு தன்பால் ஈர்க்கும் விசை எடை என்றும் தடையின்றி ஒப்புவிப்பான். விடை சரியே. அடுத்து, 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவன் நிலாவிற் சென்று நின்றால் அவன் நிறை எவ்வளவு எனக் கேளுங்கள். 10 கிலோகிராம் என்று அவன் விடையிறுப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஒப்புவித்தது நா, உள்ளம் அதிற் கலந்துகொள்ளவில்லை. நிலாவிலும் அவன் நிறை 60 கிலோகிராமே. அங்கு ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காதலின், இங்கு 588 நியூட்டனாக இருந்த எடைதான் அங்கு ஏறத்தாழ 97 நியூட்டனாகக் குறையும்.

தமிழாசிரியனுக்கு இவ் வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் எண்ணலாம். சொல்லுக்குரிய பொருளை விளங்க வைத்தலும், ஒரு பொருட்குரிய சொல்லைப் பிறிதொன்றற்கு வழங்கும் பிழையைக் களைதலுமே தமிழாசிரியன் தொழில். மேனிலைப் பள்ளிகளில் அறிவியற் கல்வி நோயுற்றிருப்பதும் அவ்விடத்திலேதான். மாணாக்கர்க்குச் சொற்கள் தெரிகின்றன. அவை சுட்டும் பொருள்கள் தெரியவில்லை. ஆங்கிலவழியில் பயில்வோரிடம் இந்நோய் இருமடங்கு. தமிழ்வழியில் பயில்வோரும் இதற்குத் தப்பினாரல்லர்.

அடிப்படை அறிவியல் என்பது பெரும்பெரும் பெயர்களின் பட்டியலன்று. ஒன்றுபோல் தோன்றும் இரண்டனைப் பிரித்தறிதலே அதன் முதற்படி. நிறையும் எடையும், வெப்பமும் வெப்பநிலையும், ஆற்றலும் திறனும், கலவையும் சேர்மமும், மூச்சும் உயிர்ப்பும் ஆகிய இவ்வைந்து இணைகளையும் ஐயமறப் பிரித்துணர்ந்த மாணாக்கன் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றன் வாயிலையும் கடந்தவனாவான். இவற்றைப் பிரிக்கும் கருவி சொல்லே. அச்சொல் அவன் தாய்மொழியில் வேர் தெரிய நிற்குமாயின் கருவி கூர்மையாகும்.

நிறையைக் கற்பிக்கும் ஆசிரியர் அங்காடியிலிருந்து தொடங்கட்டும். ஒரு கிலோகிராம் வெண்டைக்காய் வாங்குவதை நாம் எடை போட்டு வாங்குவதாகவே சொல்கிறோம். ஆனால் இரண்டு தட்டுடைய துலாக்கோல் ஒப்பிட்டுக் காட்டுவது நிறையை. ஒரு தட்டில் உள்ள காயையும் மறு தட்டில் உள்ள படிக்கல்லையும் நிலவுலகு ஒருசேர ஈர்க்கின்றது. நிலாவில் இரண்டன் ஈர்ப்பும் ஒரே வீதத்திற் குறையுமாதலின், துலாக்கோல் அங்கும் நடுநிலை பிறழாது. சுருள்வில்லில் தொங்கவிட்டு அளக்கும் கருவியோ ஈர்ப்பினால் வில் நீளும் அளவைக் காட்டுவது. நிலாவில் அது குறைத்தே காட்டும். இவ்விரு கருவிகளையும் மாணாக்கன் கையில் கொடுத்து இதனை விளக்கினால், நிறையும் எடையும் அவனுக்கு வாழ்நாளெல்லாம் மயங்கா.

வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்துக் காட்ட அடுக்களையே போதும். குவளையில் 200 கிராம் கொதிநீர் 100 பாகையில் இருக்கின்றது; குடத்தில் 10 கிலோகிராம் வெந்நீர் 40 பாகையில் இருக்கின்றது. வெப்பநிலையில் உயர்ந்தது குவளை. ஆனால் இரண்டு நீரும் 30 பாகையிலிருந்து சூடேற்றப்பட்டன எனக் கொண்டால், அவ்வாறு சூடேறக் குடநீர் பெற்ற வெப்பம் குவளைநீர் பெற்றதினும் ஏறத்தாழ 7 மடங்கு. நிலை வேறு, அளவு வேறு. வெப்பநிலை என்னும் சொல்லே அதனைச் சொல்லி நிற்கின்றது. அச்சொல்லைப் பிரித்துக் காட்டத்தான் ஆளில்லை.

ஆற்றலும் திறனும் அவ்வாறே. 50 கிலோகிராம் நிறையுடைய மாணாக்கி ஒருத்தி 3 மீட்டர் உயரமுள்ள படிக்கட்டில் ஏறுகின்றாள். அதற்கு வேண்டும் ஆற்றல் 1470 யூல். ஓடி 5 நொடியில் ஏறினாலும், நடந்து 15 நொடியில் ஏறினாலும் அவ்வளவில் மாற்றமில்லை. மாறுவது திறன், முன்னது 294 வாட்டு, பின்னது 98 வாட்டு. கலவைக்கும் சேர்மத்துக்கும் உப்பே சான்று. சோடியம் நீர் பட்டால் சீறித் தீப்பற்றும் மாழை; குளோரின் மூச்சை நெரிக்கும் நச்சுவளி. இரண்டும் வேதிமுறையிற் சேர்ந்த சேர்மமே நாம் சோற்றில் இடும் உப்பு. அவ்வுப்பை மணலோடு கலந்தால் கலவை. நீரில் கரைத்து வடிகட்டிப் பிரித்துவிடலாம். சேர்ந்த உப்பிலிருந்து சோடியத்தை அவ்வாறு வடிகட்டி எடுத்தல் இயலாது.

உயிரியலுக்கு வருவோம். பகலில் செடிகள் கரியமில வளியை உட்கொண்டு உயிர்வளியை வெளிவிடுகின்றன, இரவில் மாறாக உயிர்வளியை உட்கொள்கின்றன என்பது கற்றோர் பலரும் சொல்லும் பாடம். இது பாதி உண்மை. கரியமில வளியையும் நீரையும் கொண்டு ஒளியின் துணையால் உணவு ஆக்கும் ஒளிச்சேர்க்கை ஒரு வினை. அவ்வுணவை உயிர்வளியால் சிதைத்து ஆற்றல் பெறுதல் மற்றொரு வினை. பின்னது செடிக்குப் பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு. பகலில் முன்னது விஞ்சுதலின் பின்னது புறத்தே தெரிவதில்லை. செடியின் பசிய பகுதிகளே, அவையும் கதிரொளியிலேயே, உயிர்வளியை வெளிவிடுகின்றன என்பதை 1779ஆம் ஆண்டிலேயே இங்கென்கௌசு என்னும் ஆலந்து மருத்துவர் செய்து காட்டினார். ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லில் ஒளி நிற்கின்றது. இருளில் அவ்வினை ஏன் நிகழாது என்னும் வினாவுக்கு விடை சொல்லிலேயே இருக்கின்றது.

மற்றொரு வினைக்குத்தான் பெயர்ச்சிக்கல். நெஞ்சு விம்மித் தணிய வளியை உள்ளிழுத்து வெளிவிடுதலையும், உடலின் நுண்ணறைகளுக்குள் உணவு சிதைந்து ஆற்றல் வெளிப்படுதலையும் சுவாசம் என்னும் ஒரே வடசொல்லால் குறிக்கும் வழக்கம் இருக்கின்றது. ஆதலின், நுரையீரல் இல்லாத செடி எவ்வாறு சுவாசிக்கும் என மாணாக்கன் மலைக்கின்றான். முன்னதை மூச்சு என்றும், பின்னதை உயிர்ப்பு என்றும் பிரித்து வழங்கினால் மலைப்பு நீங்கும். மூச்சு, நுரையீரல் முதலாய உறுப்புடைய உயிர்களுக்கு; உயிர்ப்பு, செடிக்கும் விதைக்கும் உண்டு.

இதனைக் காணப் பெருஞ்செலவு வேண்டா. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேல்நீரைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்க. அதனை முளைகட்டிய பயறு இட்ட புட்டியினுள் வைத்து, வாயை இறுக மூடி ஓரிரவு விட்டு வைக்க. பயறின்றித் தெளிநீர்க் கிண்ணம் மட்டும் வைத்த புட்டி ஒன்றையும் அருகே மூடி வைக்க. காலையில் பயற்றுப் புட்டியின் தெளிநீர் பால்போல் வெளுத்திருக்கும். மற்றதில் அத்துணை வெளுப்பு இராது. பயறு உயிர்த்து வெளிவிட்ட கரியமில வளியின் வேலை அது. சுண்ணாம்பு நீர் கண்ணிற் படாதவாறு பெரியோர் உடனிருத்தல் வேண்டும். இதனை ஒருமுறை கண்ட சிறுவனுக்கு, விதையும் உயிர்க்கின்றது என்பதை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் கற்றால் உலக அறிவியலினின்று பிரிந்துவிடுவோம் என அஞ்சுவோர் உளர். செருமானியரைப் பாருங்கள். நாம் ஆக்சிசன் என எழுதுவதற்கு அவர்கள் புளிமப்பொருள் என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லையும், ஐதரசனுக்கு நீர்ப்பொருள் எனப் பொருள்படும் தம் சொல்லையும் வழங்குகின்றனர். சப்பானியரும் அவ்வாறே தம் மொழி வழக்கில் பெயரிட்டுள்ளனர். அதனால் அவர்தம் வேதியியல் தாழ்ந்துவிட்டதா? தனிமங்களின் குறியீடுகளும் சமன்பாடுகளும் உலகெங்கும் ஒன்றே. அவற்றை நம் பிள்ளைகளும் கற்கின்றனர். பொருள் விளங்கியவன் அயற்பெயரை ஒரு நாளில் கற்றுக்கொள்வான். அயற்பெயரை மட்டும் கற்றவனுக்குப் பொருள் ஆண்டுகள் பல ஆகியும் விளங்காமற் போதல் உண்டு.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னவை. இனி நம்மவரை நோக்கிச் சில சொல்லல் வேண்டும்.

முதலாவது, தூய தமிழ்ச்சொல் என்பதனாலேயே ஒரு கலைச்சொல் நல்ல கலைச்சொல் ஆகிவிடாது. ஆக்சிசன் என்னும் பெயருக்குப் புளிமம் ஆக்குவது என்பது பொருள். எல்லாப் புளிமங்களிலும் அவ்வளி உண்டு எனப் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே கருதி அப்பெயரிட்டார். ஐதரோகுளோரிகப் புளிமத்தில் அவ்வளி இல்லை என்பது 1810இல் ஆங்கில அறிஞர் தேவியின் ஆய்வால் தெளிவாயிற்று. கருத்து வீழ்ந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதனை நாம் வேர்ச்சொல் பார்த்து அமிலகம் என மொழிபெயர்த்தால், அவர் பிழையைத் தமிழில் நாம் மீண்டும் செய்தவராவோம். உயிர்வளி என்பது அதன் செயல் நோக்கி அமைந்த சொல், அதுவே தக்கது. உயிரணு என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். உயிரின் மிகச் சிறிய கூற்றைக் குறிக்க வழங்குகின்றோம். ஆனால் வேதியியலில் அணு என்பது தனிமத்தின் நுண்கூறு. ஓர் உயிரணுவுக்குள் அத்தகைய அணுக்கள் கோடிகோடியாக உள்ளன. இரண்டையும் ஒரே நாளில் கற்கும் சிறுவன் மயங்காது என் செய்வான்? ஈழத்து நூல்கள் வழங்கும் கலம் என்னும் சொல்லில் இம்மயக்கம் இல்லை.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கு நம்மிடம் இல்லை. உயிர்வளி, உயிரகம், தீயகம் என ஆளுக்கொன்று ஆக்கி அவரவர் சொல்லையே போற்றிக்கொண்டிருக்கின்றோம். கடலின் இரு கரையிலும் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழகப் பாடநூலில் பருப்பொருளின் அளவு நிறை, ஈர்ப்பு விசை எடை. ஈழத்துப் பாடநூலிலோ முன்னது திணிவு, பின்னது நிறை. ஒரே தமிழ்ச்சொல் இரு கரையில் இரு வேறு பொருளைக் குறிக்கின்றது! வேகம் என்பதும் அவ்வாறே. தமிழகத்தில் அது திசை கருதாதது, ஈழத்தில் திசையோடு கூடியது. ஈழத்து நூலைப் படிக்கும் தமிழகச் சிறுவன் ஒவ்வொரு கணக்கிலும் இடறுவான். தமிழக நூலைப் படிக்கும் ஈழத்துச் சிறுவனும் அவ்வாறே. ஒரே மொழியில் எழுதிய அறிவியலை ஒருவர்க்கொருவர் படிக்கவியலாதிருப்பது எவர் செய்த சூழ்ச்சி? நாமே செய்துகொண்டது.

முன்னோர் இத்துறையில் வாளா இருந்தாரல்லர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்குவித்தார். 1916இல் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகமும் இதழும் தோன்றின. அவர்கள் வழங்கிய சொற்களில் வடமொழி மிகுதி என நாம் குறை கூறலாம். ஆனால் அவர்கள் சொல்லையும் பொருளையும் ஒருசேரக் கற்பித்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

மூன்றாவது, பழம்பெருமை பேசி அறிவியலைக் கற்றுவிட்டதாக மகிழும் மயக்கம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்திருப்பது நமக்குப் பெருமையே. அப்பகுப்பைச் சொல்லிக்காட்டிய பின், அந்நூலார் கண்ணால் கண்டு ஆய்ந்ததுபோல் நம் பிள்ளைகளும் கண்டு ஆயும்படி ஓர் இலையையோ ஒரு பூச்சியையோ அவர்கள் கையிற் கொடுத்தோமா? கொடாதவரை அப்பெருமை தொல்காப்பியர்க்கே உரியது, நமக்குரியதன்று.

நான்காவது, 2012க்குப் பின்னர் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகள் பெருகின. மேடையில் தமிழ் முழங்கிவிட்டுத் தம் மக்களை அங்குச் சேர்ப்போர் நம்முள்ளும் உளர். தமிழ்வழியில் அறிவியல் விளங்கும் என்பதை ஊரார் நம்ப வேண்டுமாயின், முதலில் அதனை நாம் நம்புதல் வேண்டும்.

செய்ய வேண்டியன இவை. நம் மன்றங்கள் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் ஊர்ப்பிள்ளைகளைக் கூட்டி, ஒரு துலாக்கோலும் ஒரு சுருள்வில்லும் சிறிது சுண்ணாம்பும் ஒரு பிடி பயறும் கொண்டு, மேற்கூறிய ஐந்து இணைகளையும் செய்து காட்டட்டும். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து அமரட்டும். ஒருவர் பொருளைக் காட்ட, ஒருவர் சொல்லைக் காட்டட்டும். இரு கரை ஆசிரியரும் கலந்து, மேனிலைப் பள்ளிக்கு வேண்டும் அடிப்படைச் சொற்களுக்கேனும் ஒரே பட்டியல் வகுக்கட்டும். அப்பட்டியலில் தாம் ஆக்கிய சொல் இடம்பெறாவிடின் வருந்தாது, இடம்பெற்ற சொல்லையே வழங்கும் பெருந்தன்மை நம் சொல்லாக்க அறிஞர்க்கு வேண்டும்.

அடுத்த முறை பத்தாம் வகுப்பு மாணாக்கனிடம் நிலாவில் நிற்பவனின் நிறையைக் கேட்கும்போது, அவன் ஒப்புவியாமல் சிறிது எண்ணிப் பார்த்து 60 கிலோகிராம் என்று சொல்லட்டும். அவ்வொரு விடைக்காக உழைப்பது மொழிப்பணியே என்பதை உணர்ந்து, இத்திங்களிலேயே தொடங்குவோமாக!