எரிதம் தின்னும் வழங்கி

"எரிதங்களை அவ்வப்போது அழித்துவிடுகிறோம், கவலையில்லை" என்று பள்ளி இணையத்தளங்களைப் பராமரிக்கும் ஆசிரியர் சிலர் கூறுவதுண்டு. அழிப்பது எளிதுதான். ஆயினும், நாம் அழிப்பதற்கு முன்பே எரிதம் நம் வழங்கியின் உழைப்பைத் தின்றுவிடுகிறது என்பதை உணர வேண்டும்.

தளத்தின் தொடர்புப் படிவத்தில் விளம்பரங்களை நிரப்புவது பெரும்பாலும் மனிதர் அல்லர். ஓய்வறியாத் தானியங்கி நிரல். அது ஒவ்வொரு முறை படிவத்தை அனுப்பும்போதும் வழங்கி நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும்; தரவுத்தளத்தில் எழுத வேண்டும்; பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் விடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள்தாம் என்னும் வரம்பு எந்த வழங்கிக்கும் உண்டு. அதனை எரிதமே நிரப்பிவிட்டால், உண்மையான வருகையாளர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மலிவுக் கட்டண வழங்கியாயின், அளவை மீறிய தளத்தை நிறுவனம் முடக்கவும் கூடும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பாதுகாப்பற்ற படிவத்தின் வழியே எரிதம் பரப்புவோர் நம் வழங்கியிலிருந்தே பிறருக்கு மடல் அனுப்பலாம். அவ்வாறாயின் நம் முகவரி கறுப்புப் பட்டியலில் இடம்பெறும். பள்ளி அனுப்பும் அறிவிப்புகளும் பெற்றோரின் குப்பைப் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

முதலாம் ஆண்டு மாணவர் பதிவைப் பற்றி அறிய விழையும் பெற்றோருக்குத் தளம் திறக்கவில்லையென்றால், அவர் எரிதத்தையா குறை கூறுவார்? பள்ளியைத்தான் கூறுவார். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பெற்றோரின் நம்பிக்கையும் பெரிதன்றோ?

சட்டம் காக்கும் என்றிருத்தல் போதாது. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த எரிதக் கட்டுப்பாட்டுச் சட்டம், மொத்தமாக அனுப்பப்படும் வணிக மின்னஞ்சல்களையும் குறுஞ்செய்திகளையும் நெறிப்படுத்துகிறது. எங்கிருந்தோ வந்து படிவத்தை நிரப்பும் நிரலை நம் தளத்தின் வாயிலில்தான் தடுக்க வேண்டும்.

பயன்படாத படிவங்களை மூடுங்கள். தரவுத்தளத்தில் எழுதும் முன்பே மனிதரா நிரலா என்று சோதியுங்கள். ஒரே முகவரியிலிருந்து அடுக்கடுக்காய் வரும் வேண்டுகோள்களுக்கு வரம்பிடுங்கள். தளத்தின் மென்பொருளைப் புதுப்பித்து வாருங்கள்.

இப்பணியை ஓர் ஆசிரியரின் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. பள்ளி வாயிலில் காவலர் வேண்டுமென்று கேட்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இணைய வாயிலுக்கும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.