ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன்

2013 பிப்ரவரியில் அமெரிக்கப் பொறியாளர் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் ஒரு வினோதமான பழுதைப் பற்றி எழுதினார். இணையவழித் தொலைபேசிச் சேவைக்காக அவருடைய நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த சிறு கணினிகள், இருந்தாற்போலிருந்து நெட்வொர்க்கை விட்டுக் காணாமல் போயின. மறுதொடக்கம் செய்தாலும் பலனில்லை. மின்சாரத்தையே துண்டித்துத் திரும்பக் கொடுத்தால்தான் உயிர் வந்தது. விடாமல் துரத்தியவர், காரணத்தை ஒற்றை பாக்கெட்டில், அதாவது நெட்வொர்க்கில் பயணிக்கும் ஒரு தரவுத் துண்டில், கண்டுபிடித்தார். அழைப்பைத் தொடங்கும் தகவலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 2 அல்லது 3 என்ற குறி வந்தால், கணினியிலிருந்த இன்டெல் 82574எல் நெட்வொர்க் சிப் முடங்கிவிடும். அதே இடத்தில் 4 வந்தால், பிறகு அந்த பாக்கெட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. மதர்போர்டு தயாரித்த ஒரு நிறுவனம் சிப்புக்கான அமைப்புகளைத் தவறாக எழுதியதே காரணம் என்று இன்டெல் விளக்கம் தந்தது.

ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறதே என்று அவர் விட்டிருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது.

இணையம் அறுந்து அறுந்து வருகிறது என்று சேவை மையத்துக்கு அழைப்பவருக்குக் கிடைக்கும் முதல் பதில் இன்றும் அதுதான்: ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பல நேரங்களில் இணைப்பு திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நொடியில் கருவியின் நினைவகத்தில் இருந்த பதிவுகள் பெரும்பாலும் அழிகின்றன. எத்தனை மணிக்கு விழுந்தது, கம்பி அறுந்ததா, முகவரி புதுப்பிக்கப்படாமல் போனதா என்பதற்கான சான்று எல்லாம் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது விசாரணை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பழுது யாருடையது என்பதை அறியும் வழி வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். வீட்டிலேயே ஃபயர்வால் ரூட்டர் கட்டிக்கொள்பவர்கள் செய்துவைத்திருக்கும் பெரிய நன்மை, அந்த வழி இருக்கிறது என்று காட்டியதுதான்.

இரண்டு லேன் போர்ட்டுகள் உள்ள சிறிய கணினியில் இலவச மென்பொருளை ஏற்றி, அதையே வீட்டு இணையத்தின் வாசற்காவலாக வைக்கும் பழக்கத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் வயது. மானுவல் காஸ்பர் 2003இல் எம்ஓனோவால் என்ற மென்பொருளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதிலிருந்து பிஎஃப்சென்ஸ் பிரிந்தது. 2015இல் பிஎஃப்சென்ஸிலிருந்து ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. இவை எல்லாமே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடுபவை. லினக்ஸ் பக்கத்தில் ஓபன்டபிள்யூஆர்டி உண்டு.

இப்படி ஒரு பெட்டி வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் சேவை மையம் முதலில் அதன்மேல்தான் கைநீட்டும். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஃப்ரீபிஎஸ்டியில் சில ரியல்டெக் லேன் சிப்கள் தகராறு செய்வது பழைய கதை. இன்டெலின் ஐ225 சிப்பின் முதல் பதிப்புகளிலேயே ஒரு வன்பொருள் குறை இருந்தது. பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி சரியாகக் கையாளப்படாததால், 2.5 ஜிகாபிட் வேகத்தில் சில கருவிகளோடு இணைந்தபோது பாக்கெட்டுகள் தொலைந்தன. வேகத்தை 1 ஜிகாபிட்டுக்கு இறக்கினால் சிக்கல் நிற்கும். மின்விசிறி இல்லாத பெட்டி சூடேறித் தடுமாறுவதும், பழைய பவர் அடாப்டர் போதிய மின்சாரம் தராமல் படுத்துவதும் சாதாரணம்.

ஆகவே குற்றம் யார்மீதும் இருக்கலாம். அதை அளந்துதான் சொல்ல வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கணினியிலிருந்து மூன்று இடங்களுக்கு ஒரே சமயத்தில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு பாக்கெட்) அனுப்பி, நேரத்தோடு பதிவுசெய்தால் போதும்: வீட்டு ரூட்டர், சேவை நிறுவனத்தின் முதல் நிறுத்தம், வெகுதொலைவில் உள்ள ஒரு முகவரி. ரூட்டருக்கே பிங் போகவில்லை என்றால் கோளாறு வைஃபையிலோ, வீட்டுக் கேபிளிலோ, அந்தப் பெட்டியிலோதான். ரூட்டர் பதில் சொல்லி, அதற்கு அப்பால் எதுவும் பதில் சொல்லவில்லை என்றால் சந்தேகம் லைன்மீதும், லைனைப் பார்த்திருக்கும் ரூட்டரின் போர்ட்மீதும் விழும். இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். நிறுவனங்களின் ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். நடு நிறுத்தத்தில் மட்டும் பதில் தவறி, கடைசி முகவரிக்கு ஒழுங்காகப் போய் வருகிறது என்றால் அது பழுதே அல்ல.

இதே குழப்பம் ஃபயர்வாலுக்கும் வரும். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இடைவிடாமல் பிங் அனுப்பக்கூடியவை. வழக்கமான அமைப்பில், 20 சதவீதத்துக்கு மேல் பதில் தவறினாலோ, தாமதம் 500 மில்லிவிநாடியைத் தாண்டினாலோ லைன் இறந்துவிட்டதாக ஃபயர்வால் குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவைப் பதிவேற்றும்போது தாமதம் அந்த எல்லையைத் தாண்டலாம். லைன் நன்றாகவே இருக்கும். ஆனால் ஃபயர்வால் அதைச் செத்ததாக எண்ணிப் பாதையை மாற்றவும் சேவைகளை மறுபடி தொடங்கவும் முற்படும். அடுத்த அறையில் நடக்கும் வீடியோ அழைப்பு அறுந்துபோகும். வீட்டார் லைனைத் திட்டுவார்கள், சேவை மையம் பெட்டியைத் திட்டும். இரண்டும் அல்லாத மூன்றாவது காரணத்தை ஃபயர்வாலின் பதிவேடான லாகில் உள்ள ஒற்றை வரி சொல்லிவிடும்.

பதிவேற்றும்போது தாமதம் ஏன் அப்படி ஏறுகிறது? 2010இல் ஜிம் கெட்டிஸ் இதே கேள்வியில் சிக்கினார். எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது, இணையம் விநாடிக்கணக்கில் தேங்குவதைக் கவனித்து அளக்கத் தொடங்கினார். மோடம்களிலும் ரூட்டர்களிலும் அளவுக்கு மீறிய தாங்கல் நினைவகம் வைத்திருக்கிறார்கள், அதில் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் கிடக்கின்றன என்று கண்டார். அதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்ததும் அவரே. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த வரிசையை நீளவிடாத கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தபோது காரணம் தேடிப் புறப்பட்டவர் இதே ஜேக்கப்சன். கோடெலின் மேம்பட்ட வடிவமான எஃப்க்யூ-கோடெல் அதே 2012இல் லினக்ஸில் ஏறியது. அதை வீட்டு ரூட்டர்கள்வரை கொண்டுசேர்க்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் டேவ் டாட்.

இன்று வீட்டு ஃபயர்வாலில் எஃப்க்யூ-கோடெலை இயக்கி, வேக எல்லையை லைனின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால், வரிசை மோடத்தில் தேங்காது. வேகத்தில் சிறிது குறையும். அழைப்புகள் அறுவது நிற்கும். எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் விளம்பரம் செய்யும் சந்தையில், சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கப் பழகவில்லை. கேட்டே ஆக வேண்டிய எண் அதுதான்.

இன்னொரு கோளாறு ஆளை அலைக்கழிப்பது. சில தளங்கள் திறக்கும், சில பாதியில் உறைந்து நிற்கும். பயனர் பெயர், கடவுச்சொல் கொண்டு இணையும் பிபிபிஓஇ லைன்களில் இதைப் பார்க்கலாம். ஈதர்நெட் பாக்கெட்டின் 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. ஃபயர்வாலைக் கட்டியவர் இந்தக் கணக்கை அதில் சொல்லவில்லை என்றால், பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலையலாம். 'ஏதோ ஒரு தளம் திறக்கிறது, ஆகவே லைன் சரி' என்ற சேவை மையத்தின் முடிவும், 'லைன்தான் கெட்டது' என்ற வீட்டாரின் முடிவும் இங்கே சேர்ந்தே தவறுகின்றன.

ஃபைபர் வந்த பிறகு பார்க்க வேண்டிய எண் ஒன்று கூடியிருக்கிறது: சுவரில் மாட்டிய பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் மைனஸ் 27 டிபிஎம் அருகே வந்துவிட்டால் ஆபத்து. மடிந்த கேபிளும், பச்சை நிற இணைப்பியின் நுனியில் படிந்த தூசும் போதும், இணைப்பு தள்ளாட. அந்த எண்ணைப் பெட்டியே வைத்திருக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பதற்கான கடவுச்சொல் பல வீடுகளில் வாடிக்கையாளருக்குத் தரப்படுவதில்லை. இது மாற வேண்டும்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரூட்டரை மாட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருடையது. இணைப்புக்குத் தேவையான விவரங்களை நிறுவனம் கேட்காமலேயே தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒரே ஃபைபரை 32 வீடுகள், 64 வீடுகள் பகிர்வதால், முறை தவறி ஒளி அனுப்பும் ஒரு பெட்டி அத்தனை பேரையும் பாதிக்கும் என்று நிறுவனங்கள் வாதிடலாம். அந்தக் கவலை மெய்யானது. ஆகவே ஒளிப்பெட்டி நிறுவனத்திடமே இருக்கட்டும். அதிலுள்ள ஒளி அளவை வாடிக்கையாளர் பார்ப்பதால் பக்கத்து வீட்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ரூட்டர் வேலையை வாடிக்கையாளரின் கருவிக்கே விட்டுவிடும் பிரிட்ஜ் முறைக்குப் பெட்டியை மாற்றித் தருவதிலும், பிபிபிஓஇ விவரங்களை எழுத்தில் கொடுப்பதிலும் அப்படித்தான். புகார் எண் பதிவாகும்போதே, நேரம் குறித்த பிங் பதிவையும் லாகையும் இணைக்க புகார்ப் படிவத்தில் இடம் தர வேண்டும். வீட்டுக்கு வரும் ஊழியர் பெட்டியை ஆஃப் செய்வதற்கு முன் அவற்றைப் படித்துவிட்டு வர வேண்டும்.