பாட்டுக்கும் ஓர் அடையாள எண்

நம் அடையாள அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. ஒரே பெயரில் நாட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அந்த எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கும் இப்படி 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. சொந்தமாகப் பாடல் வெளியிடும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

அனைத்துலகத் தர ஒலிப்பதிவுக் குறியீடு என்பது அதன் பெயர், சுருக்கமாக ஐ.எஸ்.ஆர்.சி. 1986-இல் இது ஐ.எஸ்.ஓ. தரமாக வெளிவந்தது. முதல் ஐந்து இடங்கள் குறியீட்டை வழங்கியவரைக் காட்டும். அடுத்த இரண்டு, அது வழங்கப்பட்ட ஆண்டு. கடைசி ஐந்து, அந்த ஆண்டின் வரிசை எண்.

இது பாடலுக்கான எண் அன்று, பதிவுக்கான எண். டெய்லர் சுவிஃப்ட் 2021-இல் தமது 'ஃபியர்லெஸ்' தொகுப்பை மீண்டும் பாடி வெளியிட்டார். வரிகளும் மெட்டும் பழையவை, பதிவுகள் புதியவை. ஆகவே குறியீடுகளும் புதியவையே. மாறாக, ஒரே பதிவு முதலில் தனிப்பாடலாகவும் பிறகு தொகுப்பிலும் வந்தால் குறியீடு மாறக்கூடாது.

தமிழ்ப் பாடல்களுக்கு இது இன்னும் முக்கியம். 'கண்ணே' என்ற ஒரு சொல்லை ரோமன் எழுத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாடகர் பெயரும் அப்படித்தான். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு பெயர். எழுத்து மாறினாலும் பதிவு ஒன்றே என்று சொல்வது குறியீடுதான்.

என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர், தங்கள் பாடலை இணையத்தில் ஏற்றித் தரும் நிறுவனத்தை மாற்றினார்கள். பழைய குறியீட்டைக் கொடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே பதிவு புதிய குறியீட்டோடு ஏறியது. ஓராண்டாகச் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியது.

"நிறுவனமே குறியீடு கொடுக்கிறதே, நமக்கென்ன கவலை?" என்று கேட்கலாம். கொடுப்பது அவர்கள் வேலை. குறித்து வைத்துக்கொள்வது நம் வேலை. நிறுவனம் மாறும்போது பதிவோடு கூடவே வர வேண்டியது அந்தக் குறியீடு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. குறியீடு இருப்பதாலேயே பாடல் நமக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. அது பதிவை அடையாளம் காட்டுமே தவிர, உரிமையை நிரூபிக்காது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பாடினார், வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டும். நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டால் பின்னால் நட்பும் கெடும்.

நம் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்கள் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டி நடத்துகின்றன. அதோடு ஒரு மணி நேரம் இதையும் சொல்லிக் கொடுக்கலாமே? நன்றாகப் பாடும் இளையோர் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். பாடியது இன்னாருடையது என்பது பதிவேட்டிலும் தெரியட்டும்.