வயிற்றை வெட்டினால் மட்டும் போதுமா?

சென்ற பொங்கல் விழாவில், பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, நாற்காலியில் சாய்ந்துவிட்டதை அன்பர்கள் பலர் பார்த்தீர்கள். மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோ பிடிக்க ஓடியவர்களும் உண்டு. அவர்களுக்கு என் நன்றி. அதற்குக் காரணம் சர்க்கரைப் பொங்கல். இரண்டே கரண்டி. அரை மணியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் "பித்தம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அறுபத்தாறு வயதில் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு திரிவது அலுப்பாக இருக்கிறது. ஆகவே நம் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

2021 நவம்பரில் எனக்கு நடந்தது ஹெர்னியா ஆபரேஷன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் அது எடை குறைப்பதற்கான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன். அப்போது என் எடை 116 கிலோ, உயரம் 166 சென்டிமீட்டர். பதினான்கு வருஷத்துச் சர்க்கரை வியாதி, இன்சுலின், இரவில் மூச்சுத் திணறல். ஒன்றரை வருஷத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். இன்சுலின் நின்றது. சங்கத்தில் எல்லோரும் "எப்படி சார் இப்படி இளைத்தீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காலையில் வெந்தயத் தண்ணீர், சாயந்திரம் அம்பாஜரி ஏரிக்கரையில் நடை" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதை நம்பியவர்களில் ஒருவர் என் ஊர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டாதவர். வெந்தயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழு மாதம் கழித்துக் காலில் வந்த புண் ஆறாமல், வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் மறைத்தேன்? நாக்கை அடக்கத் தெரியாதவன் கத்தியிடம் போனான் என்று பேசுவார்கள் என்ற பயம். நம்மவர்களிடையே பித்தப்பையை எடுத்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். இந்த ஆபரேஷன் என்றால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நம் சங்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களில் இது நடந்திருப்பதும், ஒரு வீட்டில் மகளுக்குச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். அவர்களை உத்தேசித்தே மேலே எழுதுவது.

நான் டாக்டர் இல்லை. சிவில் டிப்ளமா படித்துவிட்டு 1981-ல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் சேர்ந்தவன். முதல் பன்னிரண்டு வருஷம் பேதூல், தாராகோ, மராம்ஜிரி மலைப்பாதையில் டிராலியிலும் கால்நடையாகவும் திரிந்தேன். என் கீழ் வேலை செய்த கீமேன்கள் தினமும் சாவியும் சுத்தியலுமாகப் பல கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடப்பவர்கள். அவர்களில் ஒரு தொந்திக்காரரை நான் பார்த்ததில்லை. எனக்கும் தொந்தி இல்லை. பதவி உயர்ந்து நாக்பூர் ஆபீசில் நாற்காலியும், வெளியே போக ஜீப்பும் கிடைத்த பிறகுதான் உடம்பு ஊத ஆரம்பித்தது. காலையில் தர்ரி போஹா, பதினொரு மணிக்கு சமோசா, வீட்டில் இட்லி. சாப்பாடு இரண்டு ஊர்க் கணக்கு, நடை ஒரு ஊர்க் கணக்குக்கும் காணாது.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். இரைப்பையின் மேல்புறத்தில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சிறு பையை மட்டும் தனியாகப் பிரிக்கிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டிக் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அந்தப் பையில் இணைக்கிறார்கள். சாப்பிட்டது பழைய இரைப்பையையும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியையும் தொடாமல் நேராகக் கீழே போகிறது. பித்தநீரும் கணையநீரும் பழைய வழியாகவே வந்து, கொஞ்சம் தள்ளி உணவோடு சேர்கின்றன. ஒரு ஜங்ஷனுக்கு வெளியே பைபாஸ் லைன் போட்டது போலத்தான். இப்போது பலருக்கும் செய்கிற இன்னொரு முறை, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு மீதியைக் குழாய்போல் விடுவது. என் சர்க்கரைப் பொங்கல் கதை பைபாஸ் செய்தவர்களுக்குத்தான் அதிகம் நேரும். இனிப்பு இரைப்பையில் தங்காமல் வேகமாகக் குடலில் இறங்கும்போது உடம்பு பதறிப்போகிறது.

ஜங்ஷனைச் சுற்றி பைபாஸ் போட்டால் என்ன நடக்கும் என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். பழைய ஸ்டேஷனில் டீக்கடைகள் படுத்துவிடும். புது லைன் ஓரத்தில், நேற்றுவரை பொட்டல்காடாக இருந்த இடத்தில் புதிதாகக் கடைகள் முளைக்கும். குடலிலும் அப்படியே. நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிலைய விஞ்ஞானிகள் 2016-ல் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருப்பவை. எல்லாமாகச் சேர்ந்தும் எடை கால் கிலோவுக்குள்தான். ஆபரேஷனுக்குப் பிறகு உணவு இரைப்பை அமிலத்தில் ஊறுவது குறைகிறது, பித்தநீர் வந்து சேரும் இடம் மாறுகிறது, சாப்பாட்டின் அளவும் வகையும் மாறுகின்றன. ஆகவே முன்பு தழைத்த பாக்டீரியா குறைந்து வேறு சில பெருகுகின்றன.

இது ஏதோ ஓரத்தில் நடக்கும் சில்லறை மாற்றம் என்றுதான் நானும் நினைத்தேன். 2013-ல் அமெரிக்காவில் பாஸ்டன் விஞ்ஞானிகள் எலிகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்து, அவற்றின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட வேறு எலிகளுக்குக் கொடுத்தார்கள். கத்தியே படாத அந்த எலிகளுக்கும் எடை குறைந்தது. 2015-ல் ஸ்வீடனில், ஆபரேஷன் ஆகி ஒன்பது வருஷம் கடந்த பெண்களைச் சோதித்தபோது, பாக்டீரியா மாற்றம் அப்போதும் நிலைத்திருப்பதைக் கண்டார்கள். ஆக, இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்களுக்கும் எடை இறங்கியதில் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கதையில் அடுத்த கட்டம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் மருந்துக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு இரண்டு பக்கம். உடற்பயிற்சிக்கு ஒரே வரி: "நடக்கவும்." எவ்வளவு, எப்போது, எதுவரை என்று ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள், வேலை முடிந்ததும் பாதையைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ரயில்வேயில் நாங்கள் இப்படிச் செய்ததில்லை. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லியை வாரிச் சலித்துப் போட்டால், முதல் வண்டிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுப்போம். மறுபடி ஜல்லியை இடித்து இறுக்கி, வண்டிகள் ஓடி ஓடிப் பாதை கெட்டிப்பட்ட பிறகு 45, அப்புறம் 75 என்று படிப்படியாக ஏற்றுவோம். வண்டியே ஓடாமல் பாதை கெட்டிப்படாது.

முதல் வருஷம் நடந்தேன். எடைதான் இறங்கிவிட்டதே என்று அப்புறம் விட்டுவிட்டேன். மே மாதம் 45 டிகிரி வெயில், மழைக்காலத்தில் சகதி என்று சாக்குக்குக் குறைவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. "எடை குறைஞ்சதுன்னு சந்தோஷப்பட்டீங்க, உங்க பலத்தையும் சேர்த்து இல்ல எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது வைத்திய ரீதியாகவும் சரி. இறங்கும் எடை முழுவதும் கொழுப்பல்ல, கணிசமான பங்கு தசை. எலும்பும் தேய்கிறது. இரண்டாவது வருஷ முடிவில் எடை 90. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2-லிருந்து 7.1. கண்ணாடி முன் நிற்கவே வெட்கமாக இருந்தது.

அப்போது நான் செய்த காரியம், பாக்டீரியாவை விலைக்கு வாங்கியது. மாத்திரை, பொட்டலம், தயிர் போன்ற ஒரு குட்டி பாட்டில் என்று மாதம் 1,200 ரூபாய். ஐந்து மாதம் சாப்பிட்டேன். தராசு அசையவில்லை. அந்தப் பொட்டலங்கள் சில வியாதிகளுக்குப் பயன்படலாம். ஆனால் ஓய்வூதியக்காரர்கள் எடைக்காக அதில் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பழைய சோற்றைப் பற்றியும் இப்போது பிரமாதமாகப் பேசுகிறார்கள். எனக்குப் பிடிக்கும், புளித்த நீரில் நல்ல பாக்டீரியா இருப்பதும் உண்மை. அதற்காக அதை மருந்தாக்கிவிடக் கூடாது. சர்க்கரைக்காரன் ஒரு சட்டி பழையதைக் குடித்தால் என்ன ஆகும் என்று அடியேன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டத் தயார்.

என்னைத் திருத்தியது இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. என் மகன் அதைப் படித்துச் சொன்னான். உட்கார்ந்தே வேலை செய்யும் 32 பேரை, வழக்கமான சாப்பாட்டை மாற்றாமல், வாரம் மூன்று நாள் முப்பது முதல் அறுபது நிமிஷம்வரை ஆறு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். குடலில் பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியா கூடின. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கிய ஆகாரம். ஒல்லியானவர்களிடம் மாற்றம் அதிகம், பருமனானவர்களிடம் குறைவு. பிறகு ஆறு வாரம் சும்மா உட்காரச் சொன்னார்கள். கூடியதெல்லாம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு என் கதையையே யாரோ படித்துக் காட்டியது போலிருந்தது.

அவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனவர்களுக்குப் பயிற்சி குடல் பாக்டீரியாவை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த ஆய்வுகள் சிறியவை, அவற்றை வைத்து நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் எலும்பு விஷயத்தில் சந்தேகமில்லாத ஒன்று உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பைபாஸ் ஆன பெண்களுக்கு ஆறு மாதம் மேற்பார்வையுடன் பயிற்சி கொடுத்தபோது, எலும்புத் தேய்மானம் மற்றவர்களைவிடக் குறைந்தது. 2019-ல் வெளிவந்த ஆய்வு. பாக்டீரியா பலன் தந்தால் அது லாபம். தசையும் எலும்பும் நிச்சயம் மிஞ்சும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். வாரம் ஐந்து நாள், கோடையில் விடியற்காலை ஐந்தரைக்கே, நாற்பது நிமிஷ நடை. வாரம் மூன்று நாள், கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்கள் கனம் தூக்கக் கூடாது. அதற்கு டாக்டரின் அனுமதி வேண்டும், நடைக்கு அவர்களே மறுநாளுக்குள் எழுப்பிவிடுவார்கள். சாப்பாட்டில் புரதம் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் பார்க்கிறேன். சைவக்காரனுக்கு இது லேசான காரியமில்லை. பருப்பு, பன்னீர், தயிர், சுண்டல் என்று நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உள்ளே தள்ள வேண்டும். சுண்டலும் கீரையும் அந்த பாக்டீரியாக்களுக்கும் தீனி. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். எடை இப்போது 85. முன்பிருந்த 81-க்கு இறங்கவில்லை, இறங்குமா என்ற கவலையும் இல்லை. கையூன்றாமல் தரையிலிருந்து எழுகிறேன். சர்க்கரை 6.4.

இவ்வளவு எழுதியதற்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. நம் சங்க மாடி ஹால் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ரம்மி கோஷ்டியிடம் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு விரோதமில்லை, நானும் பத்து வருஷம் அங்கே தோற்றவன்தான். ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை ஹாலின் பாதியை எங்களுக்கு விடட்டும். ஆபரேஷன் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள், ஆகவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் வரலாம். யாருக்கு எது ஆயிற்று என்று யாரும் கேட்கப்போவதில்லை. நிர்வாகக் குழுவில் சிலர் "ஹாலை ஜிம் ஆக்குவதா?" என்று ஆட்சேபிப்பதாகக் கேள்வி. கையில்லாத பன்னிரண்டு நாற்காலிதான் வேண்டும், அவை மேடைக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கின்றன. ரப்பர் பட்டைகளை நான் வாங்கித் தருகிறேன்.

கால்விரல் இழந்த அந்த அன்பர் முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். நின்று செய்ய முடியாததை அவர் உட்கார்ந்து செய்வார். வருகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரவும். ஹால் சாவி காரியதரிசியிடம் இருக்கிறது.