மருந்தைப் பறிக்கும் நாக்கு

தேக்கா அங்காடியில் இரு முதியவர் சந்தித்தால், நீரிழிவு மாத்திரையைப் பற்றி உரக்கப் பேசுவர். எத்தனை வேளை, எந்த மருத்துவர் என்பதெல்லாம் மீன்கடைக்காரருக்கும் தெரியும். மனச்சோர்வுக்கு மருந்துண்பவரோ மாத்திரையை வைட்டமின் குப்பிக்குள் ஒளித்து வைக்கிறார். 'உட்பிரிட்ஜுக்குப் போகிறவன்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியன்றோ!

அம்மருத்துவமனை 1928இல் தொடங்கியது. 1951இல் உட்பிரிட்ஜ் என்னும் பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக்கிற்குச் சென்று மனநலக் கழகமாயிற்று. பலகை மாறி முப்பதாண்டு கடந்தும் நம் நாக்கு மாறவில்லை. சிங்கப்பூரில் 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார் என 2016ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வு கண்டது. நம் ஆசிரியர் அறையில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இம்மருந்து தலைவலித் தைலம் போன்றதன்று. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். குமட்டலோ அதற்கு முன்பே வந்துவிடக்கூடும். நலமடைந்த பின்னும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும் என்பர் மருத்துவர். இவ்விரண்டு இடங்களிலும் பார்த்துத்தான் உற்றார் நாக்கு நுழைகிறது. தொடக்கத்தில், "பார்த்தாயா, பயனில்லை, கோயிலுக்குப் போய் வா" என்கிறது. தேறிய பின், "இன்னும் எதற்கு? தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?" என்கிறது. கோயிலுக்குப் போகட்டும், மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் போகலாமே!

இப்பழியில் எனக்கும் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவர், மாதந்தோறும் அரைநாள் விடுப்பு வேண்டிக் காரணத்தை மறையாது உரைத்தார். "தம்பி, வெளியில் சொல்லாதீர்கள், பல்வலி என்று எழுதுங்கள்" என்றேன். இரக்கம் என்றே எண்ணினேன். மும்முறை பல்வலி என்று எழுதினார். நான்காம் மாதம் விடுப்பே கேட்கவில்லை. மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிட்டார் எனப் பின்னர் அறிந்தேன். அவ்வாண்டு இறுதியில் பணியையும் விட்டகன்றார். மறைக்கத்தக்க இழிவு என்று அவருக்கு முதலில் கற்பித்த ஆசான் நானே.

சட்டம் நம்மை முந்திவிட்டது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமன்று. மனநிலையைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாமோ பள்ளி நாடகத்தில் சிரிப்பு வேண்டுமென்றால் இன்றும் ஒரு பைத்தியக்காரனை மேடையேற்றுகிறோம். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டும் மாணவனின் தாய், அன்று காலை எந்தக் குப்பியைத் திறந்தாள் என்று நமக்குத் தெரியுமா? ஆசிரியர்களே, அந்த வேடத்தை அடித்துவிடுங்கள். உடன் பணியாற்றுபவர் உண்மையை எழுதி நீட்டும் விடுப்புத் தாளில், எதையும் திருத்தாமல் கையொப்பமிடுங்கள்.