நீரிழிவுக் கண்நோயும் புதிய கருவிகளும்

நீரிழிவு நோயாளியின் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பழுதுறுகின்றன. முதலில் குழாய்ச் சுவர் ஆங்காங்கே மிகச் சிறிய புடைப்புகளாக வீங்குகிறது. பின்னர் குருதியும் நீரும் கசிகின்றன. நோய் முற்றினால் வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்து உடைகின்றன. தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் பெரும்பாலும் மங்குவதில்லை. "கண்தான் நன்றாகத் தெரிகிறதே, டாக்டர் எதற்கு?" என்று நோயாளி கேட்பதில் வியப்பில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்டார். 1961-இல், நரம்பூசி வழியே புளோரசின் சாயம் செலுத்திக் குழாய்களைப் படம்பிடிக்கும் முறை வெளியாயிற்று. 1991-இல் அறிவிக்கப்பெற்ற ஓ.சி.டி. முறை, ஒளியைக் கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டியது. அதினின்று வளர்ந்த ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி, சாயமே இன்றி, ஓடும் இரத்த அணுக்களின் அசைவினால் தந்துகிகளை வரைந்து தருகிறது. சாதாரணப் பரிசோதனையில் குறையேதும் தோன்றாத கண்ணிலும், அடைபட்ட தந்துகிகளை அது காட்டுவதுண்டு.

இதனை மெச்சாதார் இலர். ஆயினும் நாட்டின் முதல் தேவை இதுவென்று கூறுவது பொருந்தாது. இந்தியாவில் நீரிழிவுடையோர் சுமார் 10 கோடி என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசீய ஆய்வில், 50 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளுள் 16.9 சதவிகிதத்தினருக்கு விழித்திரை நோய் காணப்பட்டது. விலையுயர்ந்த கருவி நகரத்து மருத்துவமனையிலேயே தங்கிவிடும். இவர்களிற் பெரும்பாலோர் அங்கே வருவதில்லை.

கையிலேந்தும் எளிய காமிராவோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே செல்லும். பயிற்சி பெற்ற ஊழியர் படமெடுத்துத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பலாம். இத்தகைய படங்களிலிருந்து நோயைக் கணிப்பொறியே இனங்காண இயலும் என்பது 2016-இல் வெளியான ஓர் ஆய்வினால் தெரிந்தது. அதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உதவின. லேசர் சிகிச்சையால் பார்வையிழப்பைப் பெரிதும் குறைக்கலாம் என்பது 1976-லேயே உறுதியாயிற்று. அச்சிகிச்சை வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் சாதாரணப் படமே போதும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியவர்க்கு மட்டும் ஓ.சி.டி. அவசியம், அது மாவட்ட மருத்துவமனையில் இருத்தல் நலம்.

எல்லாவற்றினும் கடினமானது படமெடுத்த பின்னர் வரும் வேலை. கூலியிழந்து, பஸ் ஏறி, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகர் செல்ல வேண்டியவரிடம் சீட்டொன்றை நீட்டி அனுப்பினால் அவர் போவாரா? கள ஊழியர் பெயர்ப் பட்டியல் வைத்து, வராதவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். நீரிழிவுள்ள பெற்றோர் ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டினரா என ஆசிரியர் மாணவரிடம் விசாரிக்கலாம். காமிரா வாங்கும் மதிப்பீட்டில் இந்தப் பயணச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட வேண்டும்.